22 அடிப் படகோடு ட்ரெண்ட்-செவர்ன்: வீட்டு முற்றத்தில் தொடங்கும் பயணம்

ஒன்ராறியோ ஏரிக்கரையில் உள்ள ட்ரெண்டனிலிருந்து ஜோர்ஜியன் பேயின் வாசலான போர்ட் செவர்ன் வரை 386 கிலோமீட்டர் நீள்கிறது ட்ரெண்ட்-செவர்ன் நீர்வழி. ஆறு, ஏரி, வெட்டிய கால்வாய் என்று மாறி மாறி வரும். இடையில் நீர்மட்டத்தை மாற்றிப் படகை ஏற்றி இறக்கும் லாக்குகள். மே நடுப்பகுதியிலிருந்து அக்டோபர் நன்றியறிதல் விடுமுறை வரை திறந்திருக்கும். ரொறொன்ரோ பக்கம் இருப்பவர்களுக்கு, ட்ரெயிலரில் இழுத்துச் செல்லக்கூடிய, உள்ளே இரண்டு பேர் படுத்து எழும்பக்கூடிய 22 அல்லது 23 அடிப் படகு இதற்குச் சரியான அளவு. முழு வழியையும் ஒரே மூச்சில் ஓட வேண்டியதில்லை. வழியிலுள்ள ஊரான பொப்கேஜனில் இறக்கி மூன்று நாள் சுற்றிவிட்டு ஏற்றிக்கொண்டு வரலாம்.

இந்த அளவுப் படகில் நேரும் சிக்கல்களில் பெரும்பாலானவை தண்ணீரில் பிறப்பதில்லை. நெடுஞ்சாலையில் சூடாகும் சக்கரம், படகை இறக்கும் சாய்தளமான ராம்பில் பூட்ட மறந்துபோன வடிகால் அடைப்பு, குளிர்காலத்துக்கு முன் மாற்றாமல் விட்ட எண்ணெய் என்று தரையில் விட்ட குறைதான் ஏரியில் வந்து நிற்கும். அதனால் தரை வேலையிலிருந்தே தொடங்குவோம்.

ட்ரெயிலர்

பின்னால் வெளியே தொங்கும் 90 குதிரைத்திறன் அவுட்போர்ட் எஞ்சின், நிரம்பிய பெட்ரோல் தொட்டி, சாமான், ட்ரெயிலர் எல்லாம் சேர்ந்தால் 22 அடிப் படகு ஏறக்குறைய 1,800 கிலோ வரும். ஒன்ராறியோ சட்டப்படி மொத்த எடை 1,360 கிலோவோ அதற்கு மேலோ உள்ள ட்ரெயிலருக்குத் தனி பிரேக் இருக்க வேண்டும். கார் ஓட்டும் சாதாரண ஜி உரிமத்தில் 4,600 கிலோ வரை இழுக்கலாம், ஆனால் உங்கள் வண்டியால் எவ்வளவு இழுக்க முடியும் என்பது வேறு கணக்கு. அதை வண்டியின் கையேட்டில் பாருங்கள். ஆட்களும் சாமானும் ஏறியபிறகு மிஞ்சுவது எவ்வளவு என்றும் கூட்டிப் பாருங்கள்.

கொக்கியில் இறங்கும் எடை, மொத்த எடையில் 7 முதல் 10 சதவீதம் இருக்கட்டும். 1,800 கிலோவுக்கு 125 முதல் 180 கிலோ. இதற்குக் குறைந்தால் 90 கிலோமீட்டர் வேகத்தில் ட்ரெயிலர் வால் ஆட்டத் தொடங்கும். நங்கூரம், தண்ணீர்க் குடம், ஐஸ்பெட்டி எல்லாவற்றையும் பின்தளத்தில் குவிப்பதுதான் பெரும்பாலும் காரணம். அவற்றை முன்னுக்கு நகர்த்துங்கள். அப்படியும் போதாவிட்டால் படகின் மூக்கு முட்டி நிற்கும் வின்ச் தூணை இரண்டு அங்குலம் முன்னே தள்ளிப் பூட்டுங்கள். ஆட்டம் தொடங்கிவிட்டால் வண்டியின் பிரேக்கை மிதிக்காதீர்கள். காலை வேகமிதியிலிருந்து எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள்.

அடுத்தது பேரிங். நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு சக்கரம் இல்லாமல் சாய்ந்து நிற்கும் படகு ட்ரெயிலர்களைப் பார்த்திருப்பீர்கள், பலவற்றின் கதை இதுதான். நூறு கிலோமீட்டர் ஓடிச் சூடான ஹப்பை (சக்கரத்தின் நடுவில் பேரிங் இருக்கும் பகுதி) உடனே குளிர்ந்த ஏரியில் இறக்கும்போது உள்ளே உள்ள காற்று சுருங்குகிறது. தேய்ந்த சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. தண்ணீர் கலந்த கிரீஸ் பால்நிறமாகும், பிறகு துரு, பிறகு பேரிங் இறுகும். ராம்புக்கு வந்ததும் பத்துப் பதினைந்து நிமிடம் ஆறவிடுங்கள். அந்த நேரத்தில் செய்ய வேறு வேலை நிறைய உண்டு.

பருவத் தொடக்கத்தில் ஒவ்வொரு சக்கரத்தையும் ஜாக்கில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். டக் டக் என்று ஆடினால் பேரிங் தளர்ந்திருக்கிறது. கையால் சுழற்றும்போது மணல் அரைப்பதுபோல் ஒலி வந்தால் மாற்ற வேண்டும். பயணத்தில் முதல் 20, 30 கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தி நான்கு ஹப்பிலும் புறங்கையை வையுங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் அதற்கு மேல் ஓட்டாதீர்கள். பேரிங், சீல், கிரீஸ் துப்பாக்கி, அச்சு நட்டைக் கழறாமல் பிடிக்கும் கோட்டர் பின், ஒரு உதிரிச் சக்கரம் ஆகியவை வண்டியில் இருக்கட்டும். உதிரி ஹப் ஒன்றைப் பேரிங்கோடு முழுதாகப் பூட்டி வைத்திருந்தால் வீதியோரத்தில் அரைமணி நேர வேலை, இல்லையென்றால் ஒரு நாள் போய்விடும்.

டயர் காற்றைக் குளிர்ந்த நிலையில், பக்கச் சுவரில் அச்சிட்ட உச்ச அழுத்தத்துக்கு நிரப்புங்கள். ட்ரெயிலர் டயர் தேய்ந்து சாவதைவிட வெயிலில் நின்று வெடித்துச் சாவதுதான் அதிகம். பூ (தரையில் படும் வரிகள்) நன்றாக இருந்தாலும் ஐந்தாறு வருடம் தாண்டினால் மாற்றுங்கள். சக்கர நட்டுகளை முதல் 80 கிலோமீட்டருக்குப் பின் மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

ராம்பில்

ஆயத்தம் எல்லாம் மேலே நிறுத்துமிடத்தில். ராம்பின் நடுவில் வண்டியை வைத்துக்கொண்டு சாமான் ஏற்றுவது பின்னால் நிற்பவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

மேலே செய்ய வேண்டியவை: படகின் வடிகால் துளையை அடைக்கும் ட்ரெயின் பிளக்கைப் பூட்டி இறுக்குதல், பின்பக்கப் பட்டிகளைக் கழற்றுதல், இரண்டு பக்கமும் இடிதாங்கும் ஃபெண்டர் தொங்கவிடுதல், அணியத்திலும் (படகின் முன்முனை) பின்னாலும் கயிறு கட்டி வைத்தல், பேட்டரி சுவிட்சைப் போடுதல், எஞ்சினை உயர்த்தியே வைத்தல், ட்ரெயிலர் விளக்கு வயரைக் கழற்றுதல். அணியத்தின் வின்ச் பட்டியையும் பாதுகாப்புச் சங்கிலியையும் மட்டும் தண்ணீரைத் தொடும்வரை கழற்றாதீர்கள். உருளை வைத்த ட்ரெயிலரில் இதை மேலேயே கழற்றிவிட்டுப் பின்னால் வந்தால், படகு கொங்கிறீற்றில் போய் விழும்.

வண்டியின் கண்ணாடிகள் திறந்திருக்கட்டும். ட்ரெயிலரின் சக்கர மூடி தண்ணீரில் மூழ்கும் அளவில் நிறுத்தி, கைபிரேக் போட்டு, பிறகு இறங்குங்கள். படகு மிதந்ததும் முதலில் உள்ளே எட்டிப் பாருங்கள், அடியில் தண்ணீர் ஏறுகிறதா என்று. ஏறினால் ட்ரெயிலர் இன்னும் கீழேதான் இருக்கிறது, உடனே இழுத்துவிடலாம். எஞ்சினை இறக்கி ஓட்டி, பின்னால் பீய்ச்சும் சிறு நீர்த்தாரை வருகிறதா என்று பாருங்கள். அது வராவிட்டால் குளிர்விக்கும் தண்ணீர் ஓடவில்லை என்று பொருள். துளையில் சிலந்திக் கூடோ மண்ணோ அடைத்திருக்கலாம், மீன்பிடித் தூண்டில் நரம்பால் குத்தி எடுங்கள்.

திரும்ப ஏற்றும்போது பலரும் ட்ரெயிலரை மிக ஆழமாக இறக்குகிறார்கள். படகு மிதந்து கோணலாக உட்காரும். ட்ரெயிலரில் படகு உட்காரும் பலகைகளை நனைத்துவிட்டு, ட்ரெயிலரைக் கொஞ்சம் மேலே இழுத்து நிறுத்தி, கடைசி இரண்டு மூன்று அடியை வின்ச்சால் இழுங்கள். எஞ்சின் வேகத்தால் ஏற்றுவது சுலபமாகத் தோன்றும், ஆனால் சுழலியின் (புரொப்பெலர்) வீச்சு கொங்கிறீற் முடியும் இடத்தில் மண்ணைத் தோண்டிவிடும். அடுத்து வருபவரின் ட்ரெயிலர் சக்கரம் அந்தக் குழியில் இறங்கிச் சிக்கும்.

வெளியே வந்ததும் பிளக்கைக் கழற்றுங்கள். 2022 ஜனவரி 1 முதல், ஒன்ராறியோவில் படகைத் தரைவழி கொண்டுசெல்லுமுன் வடிகால்களைத் திறப்பதும், படகிலும் ட்ரெயிலரிலும் ஒட்டிய செடி, பாசி, உயிரினங்களை அகற்றுவதும் சட்டக் கட்டாயம். அச்சிலும் பலகை இடுக்கிலும் சுற்றியிருக்கும் நீர்ப்பாசியை விரலால் இழுத்து எடுங்கள். வேறு ஏரிக்குப் போவதாக இருந்தால் 50 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட வெந்நீரால் கழுவுங்கள், அல்லது வெயிலில் இரண்டிலிருந்து ஏழு நாள் காயவிடுங்கள். வரிக்குதிரைச் சிப்பி ஓர் ஏரியில் குடியேறிவிட்டால் திருப்பி எடுக்க வழி கிடையாது.

டொக்கில் சேர்வது

அவுட்போர்ட் படகில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் தள்ளும் திசையே திரும்புகிறது. எனவே முதலில் சக்கரத்தைத் திருப்புங்கள், பிறகு கியரைப் போடுங்கள். கியர் போட்ட பிறகு திருப்பினால் முதல் உந்தல் தவறான பக்கம் போய்விடும். ஒரு விநாடி கியர், பிறகு நியூட்ரல், மறுபடி ஒரு விநாடி. இந்தத் துளித்துளி ஓட்டம்தான் எல்லாம்.

டொக்குக்கு, அதாவது படகு கட்டும் மேடைக்கு, காற்றைப் பார்த்து வாருங்கள். கேபின் முன்னால் உயர்ந்திருக்கும் படகில் காற்று முதலில் அணியத்தைத்தான் தள்ளும். காற்று டொக்கை நோக்கி அடித்தால் ஒரு மீட்டர் தள்ளி இணையாக நின்றுவிடுங்கள், காற்றே கொண்டுபோய்ச் சேர்க்கும். டொக்கிலிருந்து வெளியே அடித்தால் 30 பாகைக்கு மேல் சாய்வாக வாருங்கள். அணியம் நெருங்கியதும் டொக் இருக்கும் பக்கமே சக்கரத்தை முழுக்கத் திருப்பி, பின்கியரில் ஒரு சின்ன உந்தல் கொடுங்கள். படகு நிற்கும், பின்பக்கமும் உள்ளே வரும்.

முதலில் எந்தக் கயிறு? பழக்கத்தில் எல்லாரும் அணியக் கயிற்றோடு பாய்வார்கள். அதை மட்டும் கட்டினால் பின்பக்கம் காற்றில் சுற்றிக்கொண்டு போகும். நடுக்கயிறுதான் முதலில். படகின் நடுவில் உள்ள கிளீற்றிலிருந்து (கயிறு கட்டும் இரட்டைக் கொம்பு) ஒரு கயிற்றை டொக்கில் சற்றுப் பின்னால் உள்ள கிளீற்றில் சுற்றுங்கள். முன்கியரை மெல்லப் போட்டு, ஸ்டியரிங்கை டொக்குக்கு எதிர்ப்பக்கம் திருப்பி விடுங்கள். கயிறு விறைத்து, படகு முழு நீளத்துக்கும் டொக்கோடு ஒட்டி நிற்கும். எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டே இருக்க, மற்றக் கயிறுகளை ஆறுதலாகக் கட்டலாம். தனியாக ஓட்டுபவருக்கு இந்த ஒரு வித்தை தெரிந்தால் போதும்.

காற்று டொக்கோடு அழுத்திப் பிடித்திருக்கும்போது புறப்படுவதற்கும் கயிறுதான் வழி. அணியத்திலிருந்து பின்னோக்கி டொக்குக்குப் போகும் கயிறு ஒன்றை மட்டும் விட்டு, அணியத்தில் பெரிய ஃபெண்டர் வைத்து, சக்கரத்தை டொக் பக்கம் திருப்பி முன்கியர் போடுங்கள். பின்பக்கம் வெளியே விரியும். காற்றுக்கு எதிராக நன்றாக விரிந்ததும் கயிற்றை எடுத்துவிட்டுப் பின்னோக்கி வெளியேறுங்கள்.

22 அடிக்கு எட்டில் மூன்று அங்குலத் தடிப்பு நைலான் கயிறு போதும். முன்பின் கயிறுகள் 15 அடி, நடுக்கயிறுகள் 25 அடி, லாக்குகளுக்கு 30 அடியில் இரண்டு. கிளீற்றில் கட்டும் முறை: தூரக் கொம்பை அடியால் ஒரு சுற்று, மேலே எட்டு வடிவில் ஒரு முறை, கடைசியில் ஒரு மடக்குப் பூட்டு. ஆறேழு சுற்றுச் சுற்றினால் பலம் கூடாது, அவசரத்தில் அவிழ்க்கத்தான் முடியாது.

அண்ணனோ மகளோ கயிற்றோடு முன்னால் நிற்கும்போது "எடு", "விடு" என்று கத்தாதீர்கள். எஞ்சின் சத்தத்தில் இரண்டும் ஒன்றுபோலவே கேட்கும். முன்கூட்டியே கைச் சைகை பேசிக்கொள்ளுங்கள்: கையை முஷ்டியாக மடக்கினால் இறுக்கு, விரித்த கை என்றால் விடு. டொக்குக்குத் தாவிக் குதிப்பதும், படகைக் காலால் தடுப்பதும் யாருக்கும் அனுமதியில்லை என்று புறப்படுமுன்பே சொல்லிவிடுங்கள். படகு இடித்தால் கீறல்தான், இடையில் கால் இருந்தால் எலும்பு.

லாக்குகள்

லாக்குக்கு வெளியே சுவரில் நீலக்கோடு போட்ட பகுதி உண்டு. அங்கே கட்டி நின்றால் உள்ளே போகக் காத்திருக்கிறீர்கள் என்று லாக்குகளை இயக்கும் பார்க்ஸ் கனடா ஊழியர்களுக்குப் புரியும். பச்சை விளக்கு வந்ததும் மெதுவாக உள்ளே வாருங்கள். சுவர் நெடுக மேலிருந்து கீழாக ரப்பர் உறை போட்ட கம்பிகள் தொங்கும். கயிற்றை ஒரு கம்பியைச் சுற்றி எடுத்து, முனையைக் கையிலேயே வைத்திருங்கள். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். கட்டிவிடக்கூடாது: தண்ணீர் இறங்கும்போது கட்டிய கயிறு படகைத் தூக்கிச் சாய்த்துவிடும். எஞ்சினை நிறுத்த வேண்டும், அடுப்பும் சிகரெட்டும் கூடாது. பக்கத்துக்கு மூன்று ஃபெண்டர், இரண்டு பக்கமும். எந்தச் சுவர் கிடைக்கும் என்பது உள்ளே போகும்வரை தெரியாது.

பீற்றர்பரோவின் 21ஆம் லாக் வேறு சாதி. 1904இல் திறந்த இந்த லிஃப்ட் லாக் படகை 65 அடி தூக்குகிறது. இரண்டு பெரிய தொட்டிகள். மேலே நிற்பதில் ஒரு அடித் தண்ணீர் கூடுதலாக விடுவார்கள், அந்தப் பாரத்தில் அது இறங்க மற்றது ஏறுகிறது. அவ்வளவுதான் பொறிமுறை. 44ஆம் இடமான பிக் ஷூட்டில் படகு தண்ணீரை விட்டே வெளியேறும். தண்டவாளத்தில் ஓடும் பெரிய தள்ளுவண்டி பட்டியில் தாங்கி மேட்டைக் கடத்தும். ஊழியர் சொன்னதும் எஞ்சினை உயர்த்துங்கள். அங்கே சாதாரண லாக் கட்டாமல் விட்டதற்குக் காரணம், ஜோர்ஜியன் பேயிலிருந்து கடல் விலாங்குபோன்ற லாம்ப்ரே மேலே ஏறிவிடும் என்ற பயம். பாசியைக் கழுவச் சொல்வதும் அதே கவலையில்தான்.

மிதவைகளில் ஒரு பொறி இருக்கிறது. ட்ரெண்டனிலிருந்து ஏறும்போது சிவப்பு உங்கள் வலப்பக்கம். கேர்க்ஃபீல்டின் 36ஆம் லாக்கைத் தாண்டியதும் நீங்கள் இறங்கத் தொடங்குகிறீர்கள், அதனால் எல்லாம் தலைகீழ்: பச்சை வலப்பக்கம். அந்த லாக்கின் இரு பக்கமும் உள்ள மிச்செல், கனால் ஏரிகளில் பாதைக்கு வெளியே அடிமரக் கட்டைகள் தண்ணீருக்குள் நிற்கின்றன. குழம்பினால் நியூட்ரலில் நின்று வரைபடத்தைப் பாருங்கள். ஸ்டோனி ஏரியிலும் குறுக்குவழி தேடாதீர்கள், அங்கே பாறை.

சிம்கோ ஏரியை மட்டும் காலையிலேயே கடந்துவிடுங்கள். அகன்ற ஏரி, மேற்குக் காற்று எழும்பினால் நண்பகலுக்குள் குறுகிய செங்குத்து அலைகளைக் கிளப்பிவிடும். கரையிலிருந்து ஒரு கடல்மைலுக்கு மேல் போவீர்கள் என்பதால் அவசரச் சுடரொளிகளும் தேவை. அவற்றின் ஆயுள் தயாரித்த நாளிலிருந்து நான்கு வருடம்.

நங்கூரமும் ஆட்களும்

நீரின் ஆழத்தோடு அணியத்தின் உயரத்தையும் கூட்டி ஏழால் பெருக்குங்கள். 3 மீட்டர் ஆழம், 1 மீட்டர் உயரம் என்றால் 28 மீட்டர் கயிறு. மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் நிற்பதாக இருந்தால் ஐந்தால் பெருக்கினால் போதும். முனையில் 5 மீட்டர் சங்கிலி இருந்தால் இழுவை கிடையாக இருக்கும், நங்கூரம் கடிக்கும். இந்த வழியிலுள்ள கவார்த்தா ஏரிகளில் அடிப்பாசி அடர்த்தி. நங்கூரம் பாசிமேல் சறுக்கிக்கொண்டே வரும், பிடித்துவிட்டதுபோல் ஏமாற்றும். மெதுவாகப் பின்கியரில் இழுத்து, கரையில் இரண்டு மரங்களை ஒரே கோட்டில் வைத்துப் பாருங்கள். மரங்கள் விலகினால் நங்கூரம் நகர்கிறது. எடுத்து, பாசியைப் பிய்த்தெறிந்துவிட்டு மறுபடி போடுங்கள்.

படகில் எத்தனை பேர் என்பது பெரும்பாலும் ஸ்டியரிங் அருகே உள்ள தகட்டில் இருக்கும். சித்தி வீட்டாரும் வந்துவிட்டார்கள் என்பதற்காக அந்த எண் மாறாது. இரண்டு சுற்றாகக் கூட்டிப்போங்கள். ஒவ்வொருவருக்கும் அளவான உயிர்காப்பு அங்கி வேண்டும். சிறுவர்களுடையதில் கால்களுக்கிடையே போகும் பட்டி இருக்கட்டும், இல்லையென்றால் தண்ணீரில் அங்கி தலைக்கு மேலே கழன்றுவிடும். மே மாதத்து ஏரியில் விழுபவருக்கு மூச்சுத் திணறல் அடங்கவே ஒரு நிமிடம், கைகால் சொல்கேட்கும் நேரம் பத்து நிமிடம். நீந்தத் தெரிவதை நம்பி அங்கியைக் கழற்றிவைக்காதீர்கள். ஓட்டுபவரிடம் படகோட்டும் அட்டை இருக்க வேண்டும், எஞ்சின் அணைக்கும் சுருள்கயிறு அவர் உடலில் மாட்டியிருக்க வேண்டும்.

மூடிய கேபினுக்குள் கேஸ் அடுப்பில் குழம்பு கொதிக்கவிடாதீர்கள். ஒரு ஜன்னலும் கதவும் திறந்திருக்கட்டும், கார்பன் மொனொக்சைட் அலாரம் வேலைசெய்யட்டும். சோறு கறியை வீட்டிலேயே சமைத்துக் குளிரவைத்துக்கொண்டு போனால் சூடாக்க ஐந்து நிமிடம் போதும். கழிவறைத் தொட்டியை மரினாவில்தான் காலிசெய்ய வேண்டும், ஏரியில் விடுவது குற்றம்.

எஞ்சினும் குளிர்காலமும்

எஞ்சின் எண்ணெய் 100 மணி நேரத்துக்கு ஒருமுறை அல்லது வருடம் ஒருமுறை. தண்ணீரை இழுக்கும் பம்பின் ரப்பர் விசிறியை இரண்டு மூன்று வருடத்தில் மாற்றுங்கள். தான் அரிந்து எஞ்சினைக் காக்க அடியில் பூட்டிய காப்பு உலோகக் கட்டி நன்னீருக்கு மக்னீசியமாக இருக்கட்டும். துத்தநாகம் உப்புநீருக்கானது, இந்த ஏரிகளில் மேலே படலம் பிடித்துச் சும்மா தொங்கும். மாதம் ஒருமுறை சுழலியைக் கழற்றிப் பாருங்கள். தண்டில் தூண்டில் நரம்பு சுற்றியிருந்தால் அது சீலை அறுத்து, கியர்ப் பெட்டிக்குள் தண்ணீரை விடும்.

இதனால்தான் கியர் எண்ணெயை இலையுதிர் காலத்தில் மாற்றச் சொல்வது. வசந்தம்வரை தள்ளிப்போட்டால், உள்ளே இறங்கிய தண்ணீர் ஜனவரியில் உறைந்து பெட்டியைப் பிளந்துவிடும். கீழ்த் திருகை முதலில் திறந்து ஒரு துளியை வெள்ளைத் துணியில் விடுங்கள். பால்காப்பி நிறம் என்றால் சீல் போயிருக்கிறது. புது எண்ணெயைக் கீழ்த் துளை வழியாகவே ஏற்றுங்கள், மேல் துளையில் வழியும்வரை.

பெட்ரோல் தொட்டியில், அது கெடாமல் காக்கும் நிலைப்படுத்தி கலந்து, அது எஞ்சின்வரை போய்ச்சேரப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். குடிநீர்க் குழாய், கழிவறைப் பம்ப் எல்லாவற்றிலும் இளஞ்சிவப்பு புரொபிலீன் கிளைக்கோல் திரவம் நிறத்தோடு வெளியே வரும்வரை ஓடட்டும். காரின் பச்சைத் திரவம் நச்சு, அதைத் தொடவேண்டாம். பேட்டரியை 12.6 வோல்ட்டுக்கு மேல் ஏற்றி வையுங்கள். முழுதாய் இறங்கிய பேட்டரி உறைபனிக்குச் சற்றுக் கீழேயே உறைந்து உடையும். எஞ்சினைச் செங்குத்தாக இறக்கி வைத்தால் உள்ளிருக்கும் தண்ணீர் தானே வடியும்.

மூடும் தார்ப்பாயில் இரண்டு பக்கமும் காற்று வழி விடுங்கள், இல்லையென்றால் வசந்தத்தில் மெத்தையெல்லாம் பூஞ்சணம். கழற்றிய ட்ரெயின் பிளக்கை ஒரு சிறு பையில் போட்டு எஞ்சின் சாவியோடு கட்டி வையுங்கள்.